எச்சில் எட்டாத இடம்

பல்லுக்குக் கம்பி போட்ட முதல் வாரம் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பேசினால் தெறிக்கும், தூங்கினால் தலையணை நனையும். இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. ‘கிளிப்பு போட்டா எச்சில் கெட்டுப்போகும், பல்லு சொத்தையாயிடும்’ என்பார்கள் சிலர். ‘எச்சில் ஊறுறது நல்லதுதான், பல்லைக் கழுவி விட்டுடும்’ என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது பேச்சுக்கு ஆய்வுக் கட்டுரைகளின் துணையும் கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, இந்த இரண்டு பேச்சில் எதை நம்புவது என்பது இரண்டு வருட காலத்தையும் சில மாதச் சம்பளத்தையும் பொறுத்த கேள்வி. அதனால் இதை நிதானமாக எடைபோட விரும்புகிறேன்.

இந்த வட்டாரம் இளைஞர்களால் நிரம்பியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். அங்கே தங்குகிறவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். பள்ளி வயதில் கம்பி போட வீட்டில் வசதியில்லாதவர்கள், சொந்தச் சம்பளம் கைக்கு வந்ததும் போட்டுக்கொள்ள நினைக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகிய ஒரு பெண்ணுக்கு இது வீண் ஆடம்பரம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்த ஆசைக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதாலேயே அதன் விலையைச் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எச்சில். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி அளவில் கசியும். மெல்லும்போது அதைப் போலப் பல மடங்காகும். தூக்கத்தில் கிட்டத்தட்ட நின்றே போகும். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை அடக்குகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமல் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கின்றன. சர்க்கரை போட்ட டீயை ஒரு வாய் குடித்தால், பல்லில் படிந்திருக்கும் கிருமிப் படலம் சில நிமிடங்களில் அமிலம் உண்டாக்கும். பிஹெச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 1940களில் ராபர்ட் ஸ்டீபன் வரைந்து காட்டிய இந்த இறக்க ஏற்றக் கோடுதான் இன்றுவரை பல் சொத்தை பற்றிய புரிதலுக்கு அடிப்படை.

கம்பி போட்டதும் எச்சிலுக்கு என்ன ஆகிறது? வாய்க்குள் புதிதாக ஒரு பொருள் வந்ததும் சுரப்பிகள் தூண்டப்படுகின்றன. முதல் வாரங்களில் அளவு கூடுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மெல்ல வைத்துச் சேகரித்த எச்சிலில் பிஹெச் சற்று உயர்வதையும், அமிலத்தைத் தாங்கும் திறன் கூடுவதையும் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதே வாயில், அதே காலத்தில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் ஆகிய சொத்தைக் கிருமிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. நல்லதும் கெட்டதும் சேர்ந்தே ஏறுகின்றன. இதில் ஒரு பாதியை மட்டும் சொல்லி ‘உடம்பே ஈடுகட்டிக்கொள்ளும்’ என்று தேற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஏற்காததற்குக் காரணம், அந்த ஆய்வுகள் எதை அளந்தன என்பதுதான். பெரும்பாலானவற்றில் நோயாளியை ஒரு மெழுகுத் துண்டை மெல்லச் சொல்லி, ஊறியதைக் குப்பியில் துப்பச் சொல்கிறார்கள். அது வாய் முழுவதிலிருந்தும் கலந்து வந்த எச்சில். அந்தக் குப்பியின் பிஹெச், மேல்பல்லில் ஒட்டிய, கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் சந்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. ஏரி நிரம்பியிருக்கிறது என்பதை வைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கெழுத முடியுமா? அளவெடுப்பும் பெரும்பாலும் முதல் சில மாதங்களோடு நின்றுவிடுகிறது. சிகிச்சையோ ஒன்றரை வருடம், இரண்டு வருடம் போகிறது.

கடைமடையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஆய்வுகள் இருக்கின்றன. பல்லின் மேல் எச்சில் மெல்லிய ஏடாக, சுமார் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் நகர்கிறது. கனடாவில் காலின் டாஸ் குழுவினர் அதன் வேகத்தை இடத்துக்கு இடம் அளந்தார்கள். கீழ்முன்பற்களின் உட்புறத்தில் நிமிடத்துக்கு 8 மில்லிமீட்டர் வரை ஓடுகிறது. நாக்குக்கடியில் சுரப்பித் துளைகள் இருப்பதால் அங்கே வெள்ளம். மேல்முன்பற்களின் வெளிப்புறத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கம்பியே போடாத வாயில்கூட எச்சில் மிக மெதுவாகச் செல்லும் இடம் அதுதான். பிராக்கெட்டுகளை வரிசையாக ஒட்டுவதும் அங்கேதான்.

இதோடு 1982இல் அமெரிக்காவில் கோரெலிக், கைகர், க்வின்னெட் மூவரும் வெளியிட்ட ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கம்பி போட்டு எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது வெள்ளைத் திட்டு இருந்தது. எனாமலிலிருந்து தாது கரைந்துபோன முதல் அடையாளம் அது. சொத்தைக்கு முந்தைய படி. மேல் பக்கவெட்டுப் பற்களில் அதிகம் காணப்பட்டது. சிகிச்சைக்குப்பின் கீழ்முன்பற்களின் உட்புறத்தில் வருடக்கணக்கில் ஒட்டியே இருந்த கம்பியைச் சுற்றி ஒரு திட்டுகூட இல்லை. அதுவும் ஒட்டிய உலோகம்தான். அதைச் சுற்றியும் அழுக்கு சேரத்தான் செய்யும். வேறுபாடு, அங்கே எச்சில் ஓடுகிறது என்பது. எச்சிலைப் பற்றிய விவாதத்தில் இவ்வளவு தெளிவான சாட்சியம் வேறொன்றை நான் படிக்கவில்லை. கம்பி எச்சிலைக் கெடுப்பதில்லை. எச்சில் ஏற்கெனவே குறைவாக எட்டும் இடத்தில், அழுக்கு ஒதுங்க ஒரு திண்ணையைக் கட்டிவிடுகிறது.

ஆனால் அந்த ‘பாதிப் பேர்’ என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆய்வில், கம்பியே போடாதவர்களில் 24 சதவீதம் பேருக்கும் வெள்ளைத் திட்டு இருந்தது. மிச்சிகனில் 2011இல் வெளிவந்த ரிக்டர் குழுவின் ஆய்வு, புதிதாகத் திட்டு வந்தவர்கள் 73 சதவீதம் என்றது. நெதர்லாந்தில் 2005இல் பல் ஒளிர்வதை அளக்கும் கருவி கொண்டு பார்த்த பூர்ஸ்மா குழு 97 சதவீதம் என்றது. கண்ணால் பார்ப்பது, படமெடுத்துப் பார்ப்பது, கருவியால் பார்ப்பது என்று முறை மாறினால் எண்ணும் மாறுகிறது. எந்த எண்ணைப் பிடித்தாலும் இது அரிதான விபத்து அல்ல என்பது உறுதி. நார்வேயின் ஓகார்ட் குழு 1988இல் காட்டியது இன்னும் கவலைக்குரியது: படலம் அகற்றப்படாமல் இருந்தால் நான்கே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் திட்டு உண்டாகலாம். நம் ஊர் கிளினிக்குகளில் அடுத்த அப்பாயின்ட்மென்டே நான்கிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான். டாக்டர் அடுத்தமுறை பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

திட்டுகளைப் பற்றி இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுக் கட்டுரைகளில் அது வராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல்தான் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. முன்பற்களின் எனாமல் உருவாகி முடிவது ஏறக்குறைய ஐந்து வயதுக்குள். 2003இல் பாலக்கோட்டில் பிறந்த ஒருவர் இன்று ஒரகடத்தில் வேலை செய்கிறார் என்று வையுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்த வயதில் அவர் முன்பற்கள் உருவாகிவிட்டன. அவர் பல்லில் ஏற்கெனவே வெள்ளைக் கோடுகளும் பழுப்புத் திட்டுகளும் இருக்கலாம். கம்பியை எடுத்தபின் தெரியும் வெண்மை, ஊர்த் தண்ணீரால் வந்ததா, இரண்டு வருடத்து அழுக்கால் வந்ததா? சிகிச்சைக்கு முன் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் இல்லாவிட்டால் யாராலும் சொல்ல முடியாது. நோயாளி டாக்டரைக் குறை சொல்வார். டாக்டர் தண்ணீரைக் குறை சொல்வார். ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு வேறுவிதமாக இணங்குவதால், பிராக்கெட் ஒட்டுவதற்குமுன் பல்லில் தடவும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் சில வேளை அதில் சரியாகப் பிடிப்பதில்லை. பிராக்கெட் அடிக்கடி கழன்று விழுந்து, திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டிவரும்.

இனி ஷிப்ட். என் தீர்ப்பு பெரிதும் இதில்தான் தங்கியிருக்கிறது. காலை 6, பகல் 2, இரவு 10 என்று வாராவாரமோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ மாறும் வேலையில், சாப்பாட்டுக்கு நிலையான நேரம் கிடையாது. நைட் ஷிப்டில் ஒருவர் இரவு ஒன்பதுக்குச் சாப்பிடுகிறார். நள்ளிரவில் ஒரு டீ, பிஸ்கட், விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கத்தை விரட்ட இன்னொரு டீ, ஆறு மணிக்கு பஸ் ஏறுமுன் ஒன்று, ஏழரைக்கு இட்லி, எட்டரைக்குப் படுக்கை. ஸ்டீபனின் கோட்டை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் எனாமலைச் சரிசெய்ய எச்சிலுக்கு வேண்டிய நேரத்தில் அடுத்த இறக்கம் வந்துவிடுகிறது. எச்சில் ஊறுவதற்கும் உடம்பில் ஒரு நாள்முறை இருக்கிறது. பிற்பகலில் உச்சம், இரவில் தாழ்வு. மூன்று மணி டீ அந்தத் தாழ்வில் விழுகிறது. மின்னணுப் பொருள்களைச் சேர்க்கும் வரிசைகளில் தண்ணீர் பாட்டிலை வேலை மேசைக்குப் பக்கத்தில் வைக்க விடுவதும் இல்லை.

இதில் மிகச் சாதாரணமான ஓர் அறிவுரைகூடத் தடம் புரள்கிறது. ‘ராத்திரி படுக்கும் முன்னாடி கண்டிப்பா பல்லு தேய்ம்மா’ என்கிறார் டாக்டர். அந்தப் பெண்ணுக்குப் படுக்கை காலை எட்டரைக்கு. பணி முடிந்து வந்த களைப்பில் இட்லியைச் சாப்பிட்டு அப்படியே சாய்வது ‘ராத்திரி படுப்பது’ என்று அவருக்கே தோன்றாது. விழித்தெழுந்து பகல் மூன்று மணிக்குத் தேய்ப்பார். நடுவில் ஆறரை மணி நேரம், எச்சில் கிட்டத்தட்ட நின்றுபோன வாயில், பிராக்கெட்டைச் சுற்றி இட்லி மாவும் சர்க்கரையும். அறிவுரை சொன்னவர் மீதும் கேட்டவர் மீதும் தவறில்லை. ஆனால் டியூட்டி சார்ட்டைக் கேட்காமல் சொன்ன அறிவுரை அது. ‘உன் தூக்கம் எப்போதோ, அதற்கு முன்னால்’ என்று சொல்லியிருந்தால் போதும்.

விடுதி அறையில் கம்பிக்குள் தேய்ப்பது சின்ன வேலையும் இல்லை. சாதாரண பிரஷ்ஷால் கம்பிக்கு மேலே, கீழே என்று சாய்த்துத் தேய்த்து, இடுக்குப் பிரஷ்ஷைக் கம்பிக்கடியில் நுழைத்து எடுக்க, குறைந்தது ஐந்து நிமிடம் வேண்டும். அறைக்கு ஆறு பேர். எல்லோருக்கும் ஒரே பஸ். வாஷ்பேசின் முன்னால் வரிசை நிற்கும்போது அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும்?

ஃபுளோரைடு காப்பாற்றும் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். ஓரளவு காப்பாற்றுகிறது, ஆனால் ஆதாரம் கையேடுகளில் சொல்வதைப் போல அவ்வளவு திடமாக இல்லை. ஸ்வீடனில் 2007இல் நடந்த ஒரு சோதனையில், ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கும் பூசாதவர்களில் 25.3 சதவீதம் பேருக்கும் திட்டு வந்தது. அதை வைத்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பாய்வு வார்னிஷை ஆதரித்தது; ஒரே ஒரு சோதனையை நம்பித்தான் சொல்கிறோம் என்றும் குறிப்பிட்டது. கூடுதல் சோதனைகளைச் சேர்த்துக்கொண்ட 2019 பதிப்பில் அந்த உறுதி தளர்ந்தது. அதில் ஓரளவு நம்பிக்கை பெற்ற இரண்டு வழிகளில் ஒன்று 5000 பிபிஎம் ஃபுளோரைடு கொண்ட பற்பசை. இந்தியச் சட்டப்படி பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. ஆக, அந்த வழி ஒரகடம் மெடிக்கல் ஷாப்பில் வழக்கமாகக் கிடைக்கும் பேஸ்ட்டில் இல்லை. இங்கே விற்கும் மூலிகைப் பேஸ்ட்டுகள், பல்பொடிகள் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. கம்பி போட்டவர் டியூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்கினாலே ஒரு படி முன்னேற்றம்.

ஈறைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ, ஆரோக்கியமான சிலரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். இரண்டு மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் தேய்த்ததும் சுமார் ஒரு வாரத்தில் வடிந்தது. கம்பி போட்ட வாயில் வரும் ஈறு வீக்கமும் பெரும்பாலும் இந்த வகைதான். அழுக்கு போனால் அதுவும் போகும். எனாமல் அப்படியல்ல. திட்டு வந்தபின் எச்சில் மேற்பரப்பை மூடிக் கடினமாக்கிவிடும். வெண்மை பல வருடம் நிற்கும். அழகுக்காகப் போட்ட கம்பி, சிரிக்கும்போது முதலில் தெரியும் பல்லிலேயே அடையாளம் விட்டுப்போவது எனக்குத் தாங்கமுடியாத முரண்பாடாகப் படுகிறது.

எதிர்ப்பக்கத் தட்டில் என்ன இருக்கிறது? ‘பல் வரிசையானால் சொத்தை வராது’ என்ற விளம்பர வாசகத்தை அதில் வைக்க மாட்டேன். பல் நெருக்கத்துக்கும் சொத்தைக்கும் உறுதியான தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் மேற்பல் மிகவும் துருத்திக்கொண்டிருந்தால் உதடு மூடாது. வாயால் மூச்சுவிடுவதால் முன் ஈறு காயும். விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல். கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்துகிறவர்களுக்கும், கடிக்கவே பற்கள் சேராதவர்களுக்கும் கம்பி ஒரு மருத்துவத் தேவை. பிரிட்டனில் 1989இல் புரூக்கும் ஷாவும் வகுத்த தேவை அளவுகோல் ஐந்து படிகள் கொண்டது. அரசுச் செலவில் சிகிச்சை யாருக்கு என்பதை அதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். இங்கே தீர்மானிப்பது பெரும்பாலும் மாதத் தவணை. மனநிறைவு, தன்னம்பிக்கை ஆகியவற்றையும் தட்டில் வைக்கத்தான் வேண்டும். அவற்றை மில்லிமீட்டரில் அளக்க முடியாது என்பதால் அவை பொய்யாகிவிடாது.

இனி என் முடிவு. ‘கம்பி எச்சிலைக் கெடுக்கும்’ என்பது தவறு. ‘எச்சில் கூடுவதால் பல் தப்பிக்கும்’ என்பது அதைவிட ஆபத்தான தவறு. அது கவனத்தைத் தளர்த்தச் சொல்கிறது. துருத்தல், குத்துதல், மெல்ல முடியாமை உள்ளவர்கள் ஷிப்ட் எதுவானாலும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். தோற்றத்துக்காக மட்டும் போட விரும்பும் ஷிப்ட் தொழிலாளிக்கு, இன்றுள்ள நிலையில், கொஞ்சம் பொறுங்கள் என்பேன். பல்லை இருபதில் நகர்த்தலாம், முப்பதிலும் நகர்த்தலாம். கரைந்து திட்டு விழுந்த எனாமல் பழையபடி ஆகாது. இரண்டு பக்கமும் சமமாக இல்லாத இடத்தில், திருத்திக்கொள்ள முடியாத பக்கத்துக்குத்தான் அதிக எடை தர வேண்டும்.

எதுவரை பொறுப்பது? முதலில் ஈறு சுத்தம் செய்து, ஆறு வாரம் கழித்துப் போய்க் காட்டுங்கள். நைட் ஷிப்ட் வாரம் ஒன்றாவது அதற்குள் வர வேண்டும். அந்த வாரத்திலும் ஈறில் ரத்தம் கசியாமல் வைத்திருக்க முடிந்தவர், கம்பியோடும் சமாளிப்பார். பகல் ஷிப்டில் மட்டும் சமாளித்தவரைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. டீயில் சர்க்கரையைக் குறைப்பதைவிட, டீ நேரங்களை மூன்றிலிருந்து இரண்டாக்குவதும் குடித்ததும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிப்பதும் அதிகப் பலன் தரும். பிராக்கெட்டைக் கட்ட ரப்பர் வளையத்துக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி முடிச்சைக் கேட்கலாம். கலர் இருக்காது, அழுக்கு குறைவாகச் சேரும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி முன்னால் நிற்கிறது. இரண்டு வருடச் சிகிச்சையின் பதினான்காவது மாதத்தில் வேலை போனால், விடுதியைக் காலிசெய்து ஊருக்குத் திரும்பினால், கம்பியை யார் பார்ப்பார்கள்? பாதியில் நின்ற சிகிச்சையை எடுத்துக்கொள்ள ஊர் டாக்டர்கள் தயங்குவார்கள். புதிதாகப் பணம் கேட்பார்கள். பார்வையில்லாமல் வாயில் கிடக்கும் கம்பிதான் எல்லாவற்றிலும் மோசமானது. சேரும் நாளிலேயே, இடம் மாறினால் பணத்தில் எவ்வளவு திரும்பும், என்ன பதிவுகள் கையில் தருவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் நாள் எடுத்த பற்படமும் அதில் இருக்க வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால், கடைசியில் கீழ்முன்பற்களின் உட்புறத்தில் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி அனுப்புவார்கள். பல் பழைய இடத்துக்கே ஓடாமல் இருக்க அது வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். கோரெலிக் குழு ஒரு திட்டுகூடக் காணாத இடம் அது. ஆனால் எச்சில் வெள்ளமாகப் பாயும் அதே இடத்தில், எச்சிலின் அதே கால்சியம் காறையாகப் படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டி எடுக்க தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ உள்ள எந்தப் பல் டாக்டராலும் முடியும். காறையை மட்டும் எடுங்கள், பின்னால் இருக்கும் கம்பியைக் கழற்றிவிடாதீர்கள் என்று நாற்காலியில் சாய்வதற்குமுன் சொல்லிவிட வேண்டும்.